அக்கிராசனரும் காணிக்காரரும்

எம் கல்லூரித் தர்க்க சங்கத்திற் பயின்றோர் எவரும் அக்கிராசனரது மேசைமேல் இருந்த சிறு மணியை மறந்திருக்கமாட்டார். பேசுவோர் தம் நேர எல்லையைத் தாண்டுங்கால் அம்மணி ஒலிக்கும். ஒருவர் பேச்சின் நடுவே மற்றொருவர் எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை" என்பாராயின், பேசுபவர் அமர்தல் வேண்டும். தீர்ப்புக் கூறப்படும்வரை அவையிலே வேறு பேச்சு இல்லை. எதிர்க்கட்சியாரை இழிசொல்லாற் சுட்டியவர் அச்சொல்லைத் திரும்பப் பெறல் வேண்டும்; பெறாராயின் வெளியே செல்லல் வேண்டும். இவ்வளவு அதிகாரமும் கையிற் கொண்ட அக்கிராசனருக்கு ஓர் அதிகாரம் மட்டும் இல்லை. எடுத்துக்கொண்ட பொருளிலே எக்கட்சி உண்மையுடையது என்று அவர் கூறலாகாது. தாமும் அப்பொருள்பற்றிப் பேச விரும்புவாராயின், ஆசனத்தைப் பிறரொருவரிடம் ஒப்புவித்துக் கீழே இறங்கி, மற்றையோரைப் போல நின்று, அதே மணிக்கு அடங்கிப் பேசுதல் வேண்டும்.

மாணவப் பருவத்தில் இவற்றை யாம் விளையாட்டு விதிகளாகவே கொண்டோம். இப்பொழுதோ, பேச்சு மண்டபத்தை விட்டுக் கைத்தொலைபேசிக்குப் பெயர்ந்துவிட்டது. ஊர்ச் சங்கமும், கோயிற் பரிபாலன சபையும், பழைய மாணவரும், தொழிற்சங்கத்தாரும் தத்தமக்கென ஓர் அவையை அதனுள்ளே அமைத்திருக்கின்றனர். அங்கே ஒருவர் சொன்னது அழிக்கப்படுகின்றது, ஒருவர் வெளியேற்றப்படுகின்றார், உடனே "பேச்சுரிமை போயிற்று" என்று ஒரு சாராரும், "கட்டுப்பாடின்றி அவை நடக்குமோ" என்று மறுசாராரும் வாதிடுகின்றனர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் இருவரும் ஒரு வேறுபாட்டைக் காணாது விடுகின்றனர் என்பது எம் கருத்து. அவையை ஒழுங்குசெய்பவர் வேறு. அவை கூடும் நிலத்துக்கு உரியவர் வேறு. முன்னவர் அக்கிராசனர். பின்னவர் காணிக்காரர். இருவரும் ஒருவரேயாகும் இடத்தில் என்ன நிகழும் என்பதை மலைநாட்டார் பிறர் சொல்லி அறியவேண்டுவதில்லை. எம் முன்னோர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அத்தகைய நிலத்திலேயே வாழ்ந்தனர்.

தமிழருக்கு வாதமண்டபம் புதிதன்று. இந்திர விழாவுக்கு முரசறையும்பொழுது சமய வாதிகள் பட்டிமண்டபம் ஏறுக என்று அறிவிக்கப்பட்டதை மணிமேகலை கூறும். மண்டபம் நகரத்தாருடையது, அறிவிப்பு அரசினுடையது, ஏறுவோரோ தம்முள் மாறுபட்ட சமயத்தார். ஏற்பதற்குரிய அக்கிராசனர் இருபாலார்க்கும் பொதுவாய் இல்லாவிடத்து வாதம் எங்கே போய் முடியும் என்பதற்கு நாவலர் காலத்து அருட்பா மருட்பாப் போர் சான்று. துண்டுப் பிரசுரங்களிலே தொடங்கிய அது 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. நாவலர் பரம்பரையை நினைவுகூரும் இந்துக் கல்லூரிகளின் மலர்களில் இச்செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. பேசினால் என்ன குறைந்துவிடும் என்பது எமக்கு விளங்கவில்லை.

இனி எம் நிலத்துக்கு வருவோம். பூண்டுலோயாப் பள்ளத்தாக்கிலே நிற்பவர் ஒருவர் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலையையே காண்பர். டன்சினேன், ஷீன் என்று பிரித்தானிய நாட்டுப் பெயர்களை எம் தோட்டங்கள் தாங்கி நிற்கின்றன. பெயர் சூட்டியவர்களுக்கு அது தாய்நாட்டு நினைவு; ஆங்கே வாழ்ந்தவர்களுக்கோ, தாம் நிற்கும் நிலம் பிறருடையது என்பதற்கு நாள்தோறும் கேட்கும் சான்று. லயம் கம்பனியுடையது. லயத்தின் வாசல் கம்பனியுடையது. மலைக்கு ஏறும் பாதையும், பிள்ளைகள் விளையாடும் மைதானமும், மாரியம்மன் கோயில் நின்ற மேடும் அவ்வாறே. விடியற்காலையில் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்களத்திற் கூடுவோர் தொகை நூற்றுக்கணக்காயினும், அது அவையன்று. அங்கே துரை பேசுவார், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார், கங்காணி அதட்டுவார். ஏனையோர் "ஆஜர்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. வெளியார் ஒருவர் தோட்டத்துள் அடிவைக்கத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வருபவர்மேல் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டலாம். ஆகவே பேச்சைத் தடுக்கத் தனியே ஒரு சட்டம் தேவைப்படவில்லை. காணிச் சட்டமே அதற்குப் போதுமானதாயிருந்தது.

இந்த வேலியைத் தாண்ட முயன்றவர்களுள் முதலிற் கூறத்தக்கவர் கோ. நடேசையர். தஞ்சையிலிருந்து வந்த அவர் 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தி, சட்டநிரூபண சபையிலும் அங்கம் வகித்து, 1931இல் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். புடவை வியாபாரியைப் போல மூட்டை சுமந்து லயங்களுக்குட் புகுந்தார் என்று அவரைப்பற்றி இன்றும் கதை வழங்குகின்றது. அக்கதையின் உட்பொருள் நுணுகிக் காணத்தக்கது. சேலை விற்பவனைக் காணிக்காரர் தடுக்கவில்லை. பேச வருபவனையே தடுத்தார். வணிகத்துக்குத் திறந்த வாயில் வார்த்தைக்கு மூடியிருந்தது. ஐயரின் துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களிலே தொழிலாளர் நிலையைப் பாட்டாகப் பாடினார். எழுத்தறியாதவரிடையே பத்திரிகை செய்யமாட்டாததைப் பாட்டுச் செய்யும் என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர்.

பாட்டைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை. துரையின் முன்னே நாவடங்கி நின்ற அதே பெண்கள், கொழுந்து நிரையில் நின்று கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளிப் பாடினர். மாசிமாதத்துக் காமன் கூத்திலே வேடம் புனைந்தவன் சொல்லும் வேடிக்கைக்கு எவரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. வட்டகொடைப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்திலே 1914இற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாடல்களை அரிதின் முயன்று தொகுத்தார். எம் அயலூரார் என்பதால் மட்டும் அவரை ஈண்டு நினைவுகூரவில்லை. அக்கிராசனரும் மணியும் இல்லாத இடத்தும் மனிதர் தமக்கென ஒரு பேச்சிடத்தைச் சமைத்துக்கொள்வர் என்பதற்கு அத்தொகுப்பே ஆவணம்.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான வழக்குக்கு வருகின்றோம். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டியிலே லங்கா சமசமாஜக் கட்சியார் ஒரு கூட்டம் நடத்தினர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் தொழிலாளர் வந்திருந்தனர். இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாய அன்று பேசினார். அதன்பின் கலாநிதி என். எம். பெரேரா ஒரு வெள்ளைக்கார இளைஞரை மேடைக்கு அழைத்தார். அவர்தாம் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். இலண்டனிற் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1936இல் தேயிலைத் தொழில் பயில்வதற்காக மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்தமையால் வேலையிழந்தவர். அவர் அன்று துரைமாரின் குறைகளைத் தாம் உள்ளிருந்து கண்டதாகக் கூறி, தொழிற்சட்டங்களை மீறுவதற்கு இடங்கொடாதீர் என்று கூடியிருந்தோரைத் தூண்டினார். அவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்குந்தோறும் கூட்டத்தார் "சாமி, சாமி" என்று குரலெழுப்பினர் என்று துரைமார் தரப்புக் குறிப்பொன்று கூறுகின்றது. அக்குறிப்பை எழுதியவர் அச்சத்தோடு எழுதியிருக்கிறார் என்பது அதன் நடையிலேயே புலனாகும்.

கூட்டம் நகரத்திலே கூடியதனாற் காணிச் சட்டம் ஈண்டுப் பயன்படவில்லை என்பதைக் கவனிக்க. தோட்டத்துள்ளே இதே பேச்சு நிகழ்ந்திருப்பின் காவற்காரன் ஒருவனே அதனை முடித்துவைத்திருப்பான். நகரத்திலே நிகழ்ந்தமையால் தேசாதிபதியே இறங்கவேண்டியதாயிற்று. ஏப்ரல் 22ஆம் தேதி தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டை விட்டு நீங்குமாறு பிரேஸ்கேர்டிலுக்கு ஆணை பிறப்பித்தார். அவரோ கப்பலேறாது தலைமறைவானார். மே தின ஊர்வலத்திலே ஸ்டப்ஸையே நாடுகடத்துக என்ற கோஷம் எழுந்தது. மே 5ஆம் தேதி அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டித்து 34க்கு 7 என்ற வாக்குகளாற் பிரேரணை நிறைவேற்றியது. காலிமுகத் திடலிலே கூடிய பெருங்கூட்டத்தில் தலைமறைவாயிருந்தவரே மேடையேறித் தோன்றினார். பின்னர் அவர் கைதானபொழுது, ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸும் மற்றிரு நீதியரசரும் மே 18ஆம் தேதி தீர்ப்பளித்தனர். தேசாதிபதி ஆதாரமாகக் கொண்ட 1896ஆம் ஆண்டுக் கட்டளை அவசரகாலத்துக்கு உரியது. அவசரகாலம் எதுவும் இல்லாத வேளையில் அதனைக்கொண்டு ஒருவரைப் பிடித்து நாடுகடத்தல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று கூறி அவரை விடுவித்தனர்.

இத்தீர்ப்பைப் பேச்சுரிமையின் வெற்றி என்று பொதுவாகக் கொண்டாடுவர். கொண்டாடுதல் தகும். ஆயினும் நீதியரசர்கள் அவர் பேச்சு நன்றென்றோ தீதென்றோ கூறவில்லை என்பது எம் வாசகர் உற்றுநோக்கவேண்டிய இடம். நாவலப்பிட்டியிற் சொல்லப்பட்டது உண்மையா, மிகையா என்ற ஆராய்ச்சியில் அவர்கள் இறங்கவேயில்லை. அதிகாரம் கொண்டவர் தமக்கு உரிய விதியின் எல்லைக்குள் நின்றாரா என்ற ஒன்றையே கேட்டனர். எம் தர்க்க சங்கத்து அக்கிராசனரும் தம் சிற்றளவிலே இதனையே செய்தார்.

இனி, பேச்சு எப்பொழுது செயலாக மாறுகின்றது என்ற வினா எழும். இதற்கு ஜோன் ஸ்ருவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலிலே தரும் எடுத்துக்காட்டினும் தெளிவான ஒன்றை யாம் கண்டிலேம். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினிபோடுகின்றனர் என்பதை ஒருவர் பத்திரிகையிலே எழுதலாம். அதே கூற்றை, வியாபாரி ஒருவனது வீட்டு வாசலிலே சினங்கொண்டு திரண்டு நிற்கும் கூட்டத்துக்குக் கூறுவாராயின் தண்டனைக்கு உரியவராவார் என்பது மில்லின் கருத்து. சொல் ஒன்றே. இடமும் வேளையும் கேட்போரின் நிலையும் மாறிவிட்டன. நாவலப்பிட்டிக் கூட்டத்தார் எந்தத் துரையின் வங்களா வாசலிலும் நிற்கவில்லை. பேச்சைக் கேட்டுத் தத்தம் லயத்துக்குத் திரும்பினர். மில்லின் துலாக்கோலில் இட்டு நோக்கினும் பிரேஸ்கேர்டிலின் பேச்சு தப்பும் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்த வழக்கும் இதே மலைநாட்டில் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில், வீதித் தகராறொன்றிலே தாக்குண்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததை அடுத்து, முஸ்லிம் மக்களுடைய வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கும்பல் எங்கே கூடவேண்டும், எதனை நோக்கிச் செல்லவேண்டும் என்பன முகநூல் வழியாகவும் பிற வழிகளாகவும் பரவின. பழிச்சொற்களைச் சுட்டிக்காட்டி நீக்குமாறு முன்னரே பலர் முறையிட்டிருந்தனர். ஆனால் அக்கம்பனியிடம் சிங்கள மொழி அறிந்த பரிசோதகர் போதிய அளவில் இல்லை. அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்த அரசாங்கம் மார்ச் 7ஆம் தேதி முகநூல் முதலியவற்றை நாடெங்கும் அடைத்தது. ஒரு வாரத்தின் பின்னரே திறந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே கம்பனி தன் பங்குக்கு மன்னிப்புக் கோரியது. வியாபாரியின் வாசலில் நின்ற கும்பலுக்குச் சொல்லப்பட்ட சொல் இதுவே. அவையிலே அக்கிராசனர் இல்லை. காணிக்காரர் கடல்கடந்து இருந்தார்; அவருக்கு மொழி தெரியாது. இறுதியில் அரசாங்கம் மண்டபத்தையே பூட்டியது. பூட்டியபொழுது பழி சொன்னவரோடு, "எங்கள் தெருவுக்கு வராதீர், ஆபத்து" என்று உறவினருக்கு எச்சரிக்கை அனுப்ப முயன்றவரின் வாயும் அடைபட்டது.

மொழி தெரியாமை என்றது சிறு குறையன்று. எம் மக்களை நோக்கி எறியப்பட்ட சொற்களையே எடுத்துக்கொள்வோம். "கள்ளத்தோணி" என்பதற்கு அகராதி தரும் பொருள் ஒரு படகு. "தோட்டக்காட்டான்" என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ஒரு தோட்டமும் ஒரு காடும் கிடைக்கும். "கூலி" என்பது தமிழகத்திலே உழைப்புக்குப் பெறும் ஊதியம். அதனையே ஒருவரை அழைக்கும் பெயராக்கும்பொழுது இங்கே அது வேறாகிவிடும். பிற தேசத்திலே அமர்ந்திருக்கும் பரிசோதகரோ, அவர் வைத்த யந்திரமோ இவற்றைக் கண்டால் குற்றமேதும் காணாது. பள்ளிக்கூட வாசலில் இச்சொல்லைக் கேட்டு வீடு திரும்பிய பிள்ளைக்கோ அகராதி வேண்டியதில்லை. மறுதலையாக, தன் பாட்டன் அனுபவித்ததை எழுதும் மலைநாட்டு மாணவன் இச்சொற்களை ஆளாது எழுதவும் இயலாது. சொல்லை மட்டும் பார்த்து வெட்டும் கத்தி அவனையே முதலில் வெட்டும். ஆகவே அக்கிராசனர் அவ்வூரினராய், அன்றேல் அவ்வூர் வழக்கை அறிந்தவராய் இருத்தல் வேண்டும் என்பதை யாம் முதன்மையான தகுதியாகக் கொள்கின்றோம்.

காணிக்காரரின் உரிமைக்கு எல்லை உண்டா என்ற கேள்வி பிற தேசங்களிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே சிக்கசா என்றோர் ஊர். வீதி, வீடு, கடை யாவும் ஒரு கப்பல் கட்டும் கம்பனியின் சொத்து. எம் தோட்டங்களையே ஒருவர் கடலோரத்துக்குப் பெயர்த்துவைத்தாற் போன்றது எனலாம். அங்கே கிரேஸ் மார்ஷ் என்னும் பெண்மணி தம் சமயப் பிரசுரங்களை நடைபாதையில் நின்று வழங்கினார். அனுமதியின்றி நின்றார் என்று அத்துமீறல் வழக்கு வந்தது. 1946இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தன் நிலத்தைப் பொதுமக்கள் நடமாட்டத்துக்கு எவ்வளவு திறந்துவிடுகின்றாரோ, அவ்வளவுக்கு உரிமையாளரது தனியதிகாரம் மக்களின் உரிமைகளாற் குறுகும் என்பது நீதியரசர் ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம். இதே நியாயத்தைக் காணொளிக் கம்பனி ஒன்றன்மேலும் செலுத்துமாறு பிற்காலத்தில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டபொழுது, 2020இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று மறுத்துவிட்டது. கம்பனி ஊர் வேறு, கம்பனியின் திரை வேறு என்பது அந்நீதிமன்றத்தின் நோக்கு. எமக்கு அது முற்றும் உடன்பாடன்று. லயத்திலே பிறந்தவன் வேறோர் லயத்துக்குப் போகலாமே என்று அக்காலத்துத் துரைமாரும் கூறினர்.

இலங்கையில் வேலி திறந்தது நீதிமன்றத்தால் அன்று, சட்டத்தால். 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துட் புகுந்து அங்கத்தவரைச் சந்திக்கும் உரிமையை அளித்தது. ஐயர் மூட்டை சுமந்த காலத்துக்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி.

அதற்கிடையே அவையிலிருந்தே எம்மை அகற்றிய செயலும் நிகழ்ந்தது. 1947இல் முதற் பாராளுமன்றத்துக்கு மலைநாட்டார் எழுவரை அனுப்பினர். தலவாக்கலைக்கு மேற்கூறிய வேலுப்பிள்ளையே சென்றார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்கள் பெயரை நீக்கின. 1952இல் ஒருவரும் தெரிவாகவில்லை. இதன் நிழல் பேச்சுரிமைமேலும் விழுந்தது என்பதைப் பலர் அறியார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைப் பிரசைக்கே உறுதிசெய்கின்றது. எந்நாட்டுப் பிரசையும் அல்லாது இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு, அதாவது எம் மக்களுட் பலர்க்கு, அவ்வுரிமைகள் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கப்பட்டன. பேசும் உரிமைக்கு இத்தனை ஆண்டு என்று தவணை குறித்த வேறோர் அரசியலமைப்பை யாம் கண்டதில்லை. தவணை முடிந்த 1988இலேயே நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமொன்று வந்தது; எஞ்சியோர்க்கு 2003இல் மற்றொன்று.

இவ்வரலாற்றை உடையவர் அரசாங்கமே அக்கிராசனத்தில் அமர விரும்புங்கால் சற்றுத் தயங்குவது இயல்பே. இனப்பகையைத் தூண்டுவதைத் தடுக்கவென 2007இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் நன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அச்சட்டத்தின்கீழ்க் கைதானவர் சக்திக சத்குமார என்னும் சிங்களச் சிறுகதையாசிரியர். கும்பல் எதனையும் அவர் திரட்டவில்லை; பிக்குமார் சிலரை மனத்தாங்கல் கொள்ளச்செய்த ஒரு கதையை முகநூலில் வெளியிட்டிருந்தார். மாதக்கணக்கிற் சிறையிலிருந்தபின் பிணையில் வந்த அவர் 2021இலேயே வழக்கிலிருந்து விடுபட்டார். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றை ஏற்படுத்தி, எக்கூற்று தடைசெய்யப்பட்டது என்று தீர்மானித்து அதனை நீக்கப் பணிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்புவித்தது. பெண்களுடைய படங்களைத் திரித்துப் பரப்புவோரையும் பிள்ளைகளைச் சீரழிப்போரையும் தண்டிக்கும் பகுதிகளை எவரும் குறைகூறார். ஆனால் பொய்யெது மெய்யெது என்ற தீர்ப்பும் அச்சட்டத்தினுள்ளே கலந்து கிடக்கின்றது. எம் சங்கத்து அக்கிராசனருக்கு யாம் மறுத்த அதிகாரம் அதுவே. தோட்ட வைத்தியசாலையில் மருந்தில்லை என்று ஒருவர் எழுதினால், அது பொய்யென்று கூறத் துரைத்தனத்தார்க்கு எப்பொழுதும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்.

அவ்வாறாயின் கட்டுப்பாடே வேண்டாமோ? வேண்டும். கட்டுப்பாடற்ற அவையிலே பேசுபவர் யாவர் என்பதை ஒரு மாதம் உடனிருந்து பார்த்தோர் அறிவர். குரல் பெரியவர் எஞ்சுவர், பெண்கள் முதலில் மௌனமாவர், பின்னர் இளையோர், பின்னர் நிதானமுள்ளோர். யாம் அறிந்த ஓர் ஊர்க் குழுவிலே திருவிழாக் கணக்கைப்பற்றி ஓர் இளைஞன் மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்டான். கேள்விக்குக் கீழே அவன் தாயைப்பற்றி ஒருவர் இழிவாக எழுதினார். மறுநாட் காலையில் நீக்கப்பட்டிருந்தவன் இளைஞன். இழிவாக எழுதியவரின் சொல் அப்படியே கிடந்தது. குழுவை நடத்தியவரே கணக்கையும் வைத்திருந்தார் என்பதை வாசகர் ஊகித்திருப்பர். ஆசனத்தை விட்டு இறங்காது வாதத்தில் இறங்கியவரின் கதை அது. அங்கே குறைந்தது கட்டுப்பாடன்று, நடுநிலை.

பாராளுமன்றத்திலே ஒரு சொல் ஒவ்வாததாயின் சபாநாயகர் அதனை ஹன்சாட்டிலிருந்து நீக்குமாறு பணிப்பார். நீக்கியமையை அவையோர் யாவரும் கேட்டிருப்பர். எதற்காக என்பதும் அங்கேயே கூறப்படும். நீக்கப்பட்டவர் அடுத்த நாள் அதே ஆசனத்தில் வந்து அமர்வார். தொலைபேசி அவையிலோ அழிக்கப்பட்ட சொல் எதனால் அழிந்தது என்பதை எவரும் அறியார். வெளியேற்றப்பட்டவருக்குத் திரும்பும் வழியும் தெரியாது. ஆறுதலாக ஆராய்ந்தால், அழித்தலைக் காட்டிலும் இந்த மறைவே மக்களை அதிகம் புண்படுத்துகின்றது.

ஆதலால் எம் பழைய மாணவர் சங்கத்துச் செய்திக் குழுவுக்கென யாம் ஒரு பிரேரணையை எழுதியிருக்கின்றோம். நடத்துபவர் மூவராதல் வேண்டும். அவருள் ஒருவரேனும் சங்கத்தில் வேறு பதவி வகியாதவராதல் வேண்டும். எவரைப்பற்றிய வாதமோ, அவர் அன்று நடத்துபவராய் இருத்தலாகாது. ஆளை இழித்தல், இனத்தையோ சாதியையோ சுட்டிப் பழித்தல், பிறர் வீட்டு முகவரியை வெளியிடல் ஆகியவற்றுக்கு மட்டுமே சொல் நீக்கப்படும். கணக்குக் கேட்டதற்காக ஒருபொழுதும் நீக்கப்படாது. நீக்கும்போது, நீக்கியவர் பெயரும் காரணமும் எல்லாரும் காண ஒரு வரியில் எழுதப்படும். விலக்கம் ஒரு மாதத்துக்கு மேற்படாது. விலக்கப்பட்டவர் பொதுக்கூட்டத்தில் முறையிடலாம். இவற்றை நடவடிக்கைக் குறிப்பேட்டிலே செயலாளர் பதிதல் வேண்டும். பிரேரணையை வழிமொழிய இருவர் இசைந்துள்ளனர். திருத்தங்கள் கொண்டுவர விரும்பும் அன்பர்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் எழுத்திலே செயலாளருக்கு அனுப்பிவைக்கலாம்.